சட்டையில் இரண்டு கறை

அத்தியாயம் 14

சாந்தன்பாறையில் வெள்ளிக்கிழமை மழையோடுதான் விடிந்தது. பின்சி வழக்கம்போல மாமியாருக்குக் காப்பி போட்டு, வழக்கம்போல முக்காலியில் வைத்தாள். மதலேனம்மாள் வழக்கம்போல அதைத் தொடவில்லை. தொடமாட்டாள் என்று தெரிந்தும் இவள் வைப்பாள், வைப்பாள் என்று தெரிந்தும் அவள் ஆறவிடுவாள். பதினோரு மாதமாக அந்த வீட்டில் தவறாமல் நடக்கிற காலைப் பூசை அதுதான்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்குச் சங்கிலி விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். மதலேனம்மாளின் கணவர் யாக்கோபு, ஏலத்தோட்டத்தில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர், போன வருடம் இதே மழையில் தவறிப்போனார். பெட்டியில் கிடத்தியபோது அவர் வெள்ளைச் சட்டையின் மேலே, குருசு கோத்த தங்கச் சங்கிலி கிடந்தது. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் ஒரு படம் எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மூடி போடுவதற்கு முன்னால் இன்னொன்று எடுத்தார்கள்.

வீட்டுப் படத்தில் சங்கிலி இருந்தது. குழிமேட்டுப் படத்தில் இல்லை.

முப்பதாம் நாள் ஆல்பம் வந்தபோது இதைக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டியவள், மூணாறில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் சிஞ்சு. அந்தச் சங்கிலி அவள் மகனுக்கு என்று யாக்கோபு எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். மூடி வைக்கும் முன் கழற்றலாம் என்று பார்த்தேன், அப்போதே காணோம் என்றாள் மதலேனம்மாள். கொட்டும் மழையில், குடைகளுக்கும் அழுகைக்கும் நடுவில், வேறு யார் கழுத்தைப் பார்த்தார்கள்? வீட்டிலிருந்து கல்லறை வரை வண்டியில் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து போனவள் மருமகள் பின்சி. அவ்வளவு போதாதா?

அவளைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். பீரோ சாவி இடம் மாறியது. அவள் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஏலக்காய் ஸ்டோரில், அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அந்த வேலையை விட்டுவிட்டு, பூப்பாறையில் ஜினோவின் ஸ்டுடியோவில் படம் திருத்தும் வேலை கற்றுக்கொள்ளப் போய் இன்றோடு நான்கு வாரம்.

ஞாயிற்றுக்கிழமை யாக்கோபுக்கு ஆண்டுப் பூசை. கல்லறையைச் சுற்றிக் குடும்பம் மறுபடி நின்று படம் எடுக்கும்.

ஆறிய காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு மதலேனம்மாள் அதைப் பற்றித்தான் பேசினாள். பின்சியைப் பார்க்காமல், சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை படத்துல நீ நிக்க வேண்டாம். சிஞ்சுக்குச் சங்கடமா இருக்கும்."

இதுவரை வாய்க்குள் இருந்த சந்தேகம் இனி சட்டம் போட்டுச் சுவரில் தொங்கப் போகிறது. யாக்கோபு குடும்பத்துப் படத்தில் மருமகள் மட்டும் இல்லை என்றால், தோட்டமே காரணம் கேட்கும். காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

பின்சி கணவன் ஜிதினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பால் விடாத கட்டன்சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, வாசலில் அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லறைக்குக் கான்கிரீட் மூடி போட வாங்கியவை. அதைக் கேட்டுத்தான் அவன் அம்மாவும் ஒரு வாரமாக உயிரை எடுக்கிறாள்.

"இன்னிக்காவது போட்டுருவானா கொத்தன்?" என்றாள் மதலேனம்மாள்.

மழை விட்டால் போட்டுவிடலாம் என்றான் ஜிதின். சொல்லிவிட்டுக் குடையோடு கிளம்பியும் விட்டான். ஒழுகும் கூரையில் ஒரே ஒரு ஓடு மாற்ற நான்கு மாதம் எடுத்தவன் இந்த மனிதன். அப்பா கல்லறை என்றால் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வேகம் என்று பின்சி நினைத்தாள். அப்பா மேல் பாசம் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். சந்தேகப்படுகிறவர்கள் நடுவிலேயே இருந்து தனக்கும் அந்த நோய் வந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

ஸ்டுடியோவில் அன்று அவளுக்குக் கொடுத்த வேலையும் மாமனாருடையதுதான். நினைவுக் கார்டு அடிக்க ஜிதின் சொல்லியிருந்தான். யாக்கோபு சிரித்துக்கொண்டிருக்கிற ஒரே படம் ஸ்டோரில் எல்லாரோடும் நின்று எடுத்த படம். அதிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தால், தோளில் யாருடையதோ நான்கு விரல்கள் உட்கார்ந்திருந்தன.

"விரல எடுத்துரு," என்றான் ஜினோ. "அழிக்காத. பக்கத்துல உள்ள சட்டைத் துணியக் கொஞ்சம் எடுத்து அது மேல போடு."

பின்சி தோளுக்குக் கீழே, கட்டம் போட்ட சட்டையில் ஒரு சின்ன இடத்தை வளைத்துத் தேர்ந்தெடுத்தாள். எறும்பு வரிசை மாதிரி ஒரு புள்ளிக்கோடு அதைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. நகர்த்தும் கருவியை எடுத்து, மவுஸால் பிடித்து மேலே இழுத்தாள். துணி போய் விரல்மேல் உட்கார்ந்தது சரிதான். ஆனால் துணி இருந்த இடத்தில் மாமனாரின் மார்பில் வெள்ளையாக ஒரு ஓட்டை. பின்சி மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜினோ சிரித்தான். புதிதாகக் கற்றுக்கொள்ளும் எல்லாரும் முதல் தடவை போடும் ஓட்டை அது என்றான். வெறுமனே நகர்த்தினால் துண்டு பெயர்ந்து போய்விடும், இருந்த இடம் காலியாகிவிடும். கீபோர்டில் ஆல்ட் கட்டையை அழுத்திக்கொண்டே இழுத்தால், இருந்தது இருந்தபடி இருக்க, நகல் ஒன்றுதான் நகரும். பக்கத்தில் கொண்டுபோய் விட்டபின் மவுஸை நம்பாதே, அம்புக்குறிக் கட்டையால் தள்ளு. ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி நகரும். ஷிஃப்ட்டோடு தட்டினால் பத்துப் புள்ளி. கட்டத்தோடு கட்டம் சேர்ந்ததும் தேர்வை விட்டுவிடு.

அவள் ஒரு கட்டையைத் தட்டி முந்தைய தவறைத் திரும்ப எடுத்துவிட்டு அப்படியே செய்தாள். வலப்பக்கம் மூன்று தட்டு, மேலே இரண்டு, மறுபடி இடப்பக்கம் ஒன்று. சட்டையின் நீலக்கோடு நீலக்கோட்டோடு சேர்ந்தது. விரல்கள் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு எளிதா என்று அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"ஒரே ஒரு விஷயம்," என்றான் ஜினோ. "துணி எடுக்கும்போது கறை, கிழிசல் எதுவும் இல்லாத எடமாப் பாத்து எடுக்கணும். இல்லேன்னா அதே கறை ரெண்டு எடத்துல வந்து ஆளக் காட்டிக்கொடுத்துரும்."

கார்டின் பின்பக்கத்துக்கு, தான் எடுத்திருந்த அடக்கப் படங்களிலிருந்து ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் படம் எடுக்க வந்திருந்தவர்களைக் கவனிக்க அவன் முன்னறைக்குப் போனான்.

பின்சி அந்த ஆல்பத்தை ஒரே ஒரு முறை பார்த்தவள், அதுவும் சிஞ்சுவின் விரலுக்கு அப்பால். அதன்பின் அது பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது குழிமேட்டுப் படம் திரை முழுக்கத் திறந்தது. தலைமாட்டில் மதலேனம்மாள், கையை அப்பாவின் நெற்றியில் வைத்தபடி சிஞ்சு, குடை பிடித்துக்கொண்டு ஜிதின். ஒரு ஓரத்தில், நனைந்த முந்தானையோடு பின்சி.

அவள் கண் முதலில் போனது சங்கிலி இருந்த இடத்துக்கு அல்ல. அவளுக்கு அந்தச் சட்டையோடு தனியாக ஒரு கணக்கு இருந்தது. இறந்த அன்று இரண்டு நாளாகக் கரண்டு இல்லை. பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து கரி போட்டுத் தேய்க்கிற பெட்டி வாங்கி வந்து அவள்தான் அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்தாள். ஒரு கங்கு தெறித்து இரண்டாவது பொத்தானுக்குக் கீழே விழுந்தது. தட்டிவிடுவதற்குள் பழுப்பாக ஒரு பொட்டு, வால் முளைத்த பிஞ்சு ஏலக்காய் மாதிரி. வேறு வெள்ளைச் சட்டை கிடையாது. யாரிடமும் சொல்லாமல் அதன்மேல் ஒரு பூவை வைத்து மறைத்திருந்தாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே களவு அதுதான்.

குழிமேட்டில் பூ நகர்ந்துவிட்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டாவது பொத்தானுக்குக் கீழே வாலோடு அந்தப் பொட்டு இருந்தது. பாவி, படத்திலும் விழுந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே படத்தில் மேலே போனாள்.

காலருக்குக் கீழேயும் அதே பொட்டு இருந்தது.

அதே அளவு, அதே பழுப்பு, இடப்பக்கம் வளைந்த அதே வால். ஆயிரம் காயில் ஒரு சொத்தைக் காயைப் பொறுக்கி எறிந்த கண் அவளுடையது. அந்தச் சட்டையில் ஒரு பொட்டுதான் உண்டு என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கீழே இருந்த துணியை எடுத்து மேலே போட்டிருக்கிறார்கள். எதை மறைக்க?

பின்சி எழுந்தாள். முன்னறையில் எட்டிப் பார்த்து, இந்தப் படத்தை யார் திருத்தியது என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். கேமராவில் குனிந்திருந்த ஜினோ நிமிர ஒரு கணம் அதிகமாக எடுத்துக்கொண்டான்.

"அது பழைய பணி. அதையெல்லாம் தோண்டாத பின்சி, கார்டப் பாரு."

தோண்டாதே என்றால் தோண்டாமல் இருக்க அவள் என்ன பைத்தியமா? வருடவாரியாக இருந்த ஃபோல்டர்களுக்குள் போனாள். போன வருடம், ஜூலை, யாக்கோபு அடக்கம். அதற்குள் கேமராவிலிருந்து இறக்கியபடியே தொடாத படங்கள் இருந்தன. குழிமேட்டுப் படத்தைத் திறந்தாள்.

சங்கிலி இருந்தது. மழைத்துளி பட்டு மின்னிக்கொண்டு, காலருக்குக் கீழே குருசு நேராகக் கிடந்தது.

வண்டியில் போகும்போதும் அது அங்கேயே இருந்திருக்கிறது. பெட்டி குழிமேட்டில் இறங்கிய பிறகும் இருந்திருக்கிறது. அப்படியானால் தலைமாட்டில் உட்கார்ந்து போனவள் எடுக்கவில்லை. பதினோரு மாதமாக அடக்கி வைத்தது அப்போதுதான் அழுகையாக வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. சங்கிலி காணாமல் போனதைக் கண்டுபிடித்தது யார்? சிஞ்சு. நெற்றியில் கை வைத்துக்கொண்டு கழுத்துக்கு மிக அருகில் நிற்பது யார்? சிஞ்சு. எடுத்தவளே படத்தை மறைத்துவிட்டு அடுத்தவள் மேல் விரல் நீட்டியிருக்கிறாள். பின்சிக்கு எல்லாம் கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது. திரையைக் கைபேசியில் படம் பிடித்தாள். சிஞ்சுவுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'குழிமேட்டுலயும் சங்கிலி இருந்திருக்கு மதினி. மறைக்கச் சொன்னது நீங்கதானா?'

ஒரு நிமிடம் கழித்து இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

ஜினோ உள்ளே வந்து திரையைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இனி மறைக்க முடியாது என்று ஆனபின் மனிதர்கள் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுகிறார்கள், அவனும் அப்படித்தான். ஆல்பம் அடிப்பதற்கு முந்தின நாள் ஆள் வந்து சொன்னதாகவும், அவசரத்தில் தானே துணியெடுத்து ஒட்டியதாகவும், கறையைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னான். ஒரிஜினலை அழிக்கச் சொன்னார்களாம். படத்தை அழிக்க மனசு வராமல், அழித்தாயிற்று என்று பொய் சொல்லிவிட்டானாம்.

"சிஞ்சு மதினிதானே வந்தாங்க?" என்றாள் பின்சி.

ஜினோ தலையை ஆட்டினான், இல்லை என்று.

"ஒன் வீட்டுக்காரன்தான் வந்தான். காரணம் சொல்லல, நானும் கேக்கல. ஒன் மேல பழி விழும்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

அவள் உடனே கைபேசியை எடுத்துப் பார்த்தாள். நீலக் குறி நீலக் குறியாகவே இருந்தது. பார்த்துவிட்டவளிடமிருந்து எதைத் திரும்ப எடுப்பது? படத்தில் செய்த தவறு மாதிரி திரும்ப எடுக்க இதற்கு ஒரு கட்டை கிடையாது.

இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். ஜினோ போட்டுக் கொடுத்தான்.

பூப்பாறையிலிருந்து வீடு வருகிற ஜீப்பில், ஜிதின் ஒரு வருடமாகச் செய்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அம்மா குத்திப் பேசும்போதெல்லாம் எழுந்து வெளியே போனது. ஸ்டோர் வேலையை விடுகிறேன் என்றபோது ஏன் என்று கேட்காதது. இரக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் இப்போது வேறு முகம் தெரிந்தது. சங்கிலியை எடுத்து விற்றுவிட்டானா? கல்லறை கட்டுவது அந்தக் குற்றம் மனசைக் குத்துவதாலா? நல்லவன் என்று நம்பிப் படுத்த மனிதனை ஒரே மதியத்தில் திருடனாக நினைக்கிறோமே என்று அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

வீட்டு வாசலில் சிமெண்டு மூட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழே அப்படியே இருந்தன. மழை விடவில்லை.

மதலேனம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜிதின் கொத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறானாம், நாளைக் காலை எப்படியும் மூடி போட்டாக வேண்டுமாம். பின்சி ஈரத்தைக்கூடத் துடைக்காமல் இரண்டு படங்களையும் முக்காலியில் அடுத்தடுத்து வைத்தாள்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவது படத்தைப் பார்த்தாள். சங்கிலியைக் கண்டு அவள் அதிர்ந்து போவாள், அய்யோ உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்பாள் என்று பின்சி ஜீப்பில் ஒரு பத்து முறையாவது நினைத்திருந்தாள்.

மதலேனம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. உருட்டிய மணியில் விரல் நின்றது, அவ்வளவுதான்.

"அழிச்சாச்சுன்னுல்லா சொன்னான்," என்றாள்.

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவளுக்கே உறைத்தது. பின்சி தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு மதலேனம்மாள் எதையும் மறைக்கவில்லை. ஊர் முன்னால் பேரனுக்கு என்று சொன்ன யாக்கோபு, கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதை மட்டும் என் கழுத்திலிருந்து கழற்றாதே என்றாராம். அது கல்யாணத்தன்று அவள் வீட்டில் அவருக்குப் போட்ட சங்கிலி. கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை. பெட்டிக்கு மூடி போடும்போது பூவை அள்ளி மேலே போட்டு அப்படியே விட்டுவிட்டாள். அடக்கம் முடிந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஆல்பம் நாலு வீட்டுக்குப் போகும். குழிக்குள் பொன் இருக்கிறது என்று தெரிந்தால் குழியை விட்டுவைப்பார்களா? எங்கோ ஒரு மோதிரத்துக்காகத் தோண்டிப்போட்ட கதையை அவளும் கேட்டிருக்கிறாள். அதனால்தான் ஜிதினை அனுப்பிப் படத்திலிருந்து மறைக்கச் சொன்னாள். அதனால்தான் கான்கிரீட் மூடிக்கு இந்த அவசரம்.

"சிஞ்சு கேட்டப்போ என்ன சொல்லுறதுன்னு தெரியாம காணோம்னுட்டேன்," என்றாள். "அவளா ஒன்னச் சொன்னா. நான் இல்லன்னு சொல்லாம இருந்துட்டேன்."

"பதினோரு மாசம் அத்தே," என்றாள் பின்சி. "மாமா கேட்டத நீங்க செஞ்சீங்க, அது ஒங்க இஷ்டம். எம் பேர எடுத்து அந்த ஓட்டைய அடைச்சீங்களே, நான் என்ன துணியா?"

மதலேனம்மாள் அழவில்லை. பக்கத்தில் ஆறிக் கிடந்த காலைக் காப்பியை எடுத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கிழவி வாயில் வராது. அவளுக்கு வந்தது அதுதான்.

"ஞாயித்துக்கிழமை நீ எம் பக்கத்துல நில்லு, எங் கையப் பிடிச்சிக்கிட்டு. அதப் பாத்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இந்தப் படத்த மட்டும் அடுப்புல போட்டுரு ஏட்டி. சிஞ்சுக்குத் தெரிஞ்சா, குழியத் தோண்டி அவ அப்பன எந்திரிக்க வச்சிருவா."

ஒரு வருடமாக ஏங்கியது கைக்கு எட்டிய நேரத்தில் பின்சியால் சந்தோஷப்பட முடியவில்லை. மடியில் கைபேசி அதிர்ந்தது. மூணாறிலிருந்து, மதினி சிஞ்சு. மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை, ஒரே ஒரு வரி.

'கல்லறைக்குக் கான்கிரீட் போட்டாச்சா?'

பின்சி வாசலைப் பார்த்தாள். தார்ப்பாய் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூட்டை ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.